ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள்

விடிந்ததும் யோகம் கஞ்சி கேட்டாள்.

இரண்டு நாளாகக் கண்ணைத் திறக்காமல் கிடந்த பிள்ளை, தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "கஞ்சி" என்றது. தங்கரத்தினம் அதன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கொதித்துக்கொண்டிருந்த நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது. சட்டையை விலக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்துகொண்டிருந்த நெஞ்சு, இப்போது சீராக ஏறி இறங்கியது.

அடுப்படிக்குப் போய் நின்று ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரவள்ளி மாவில் ஒரு கைப்பிடி அரிசி நொய்யைச் சேர்த்துக் கஞ்சி வைத்தாள். கஞ்சி கொதித்து வரும்போதுதான் பேச்சியம்மாளின் நினைவு வந்தது. கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

நேற்று பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிப் படியில், மகனை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். மலாயாவில், ரெங்கத்துக்கு அப்பால் உள்ள அந்த ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் வந்தபிறகு இது இரண்டாவது மழைக்காலம். கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் இருமித் துடித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் மூக்கொழுகும்; பிறகு காய்ச்சல்; பிறகு மூச்சு வாங்கும்; அதற்குப் பிறகு தகப்பன் வீட்டில் இருந்தால் தகப்பன் மண்வெட்டி எடுப்பான். தகப்பன்மாரில் பாதிப் பேர் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்டிருந்ததால் பல வீடுகளில் தாயே எடுத்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் கந்தப்பு, தங்கரத்தினத்தின் கணவன், வந்தவர்களிடமெல்லாம் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினான். மருந்து இல்லை. யூகலிப்டஸ் தைலம் கொஞ்சம் இருக்கிறது, நெஞ்சில் தடவு. பேச்சியம்மாளிடமும் அதையேதான் சொன்னான். அவள் மகன் செல்லப்பனுக்கும் யோகத்துக்கும் ஒரே வயது. ஒரே நாளில்தான் இரண்டு பிள்ளைகளும் விழுந்தன.

இன்று யோகம் கஞ்சி கேட்கிறாள்.

கந்தப்பு ஆஸ்பத்திரியைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். நனைந்த தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். அதிலிருந்த வெள்ளைக் குளிசையை உடைத்து, பாதியைக் கரண்டியில் போட்டு நசுக்கினான். இரண்டு நாளாக இதைத்தான் செய்கிறான். காய்ச்சல் தூள் என்று சொல்லியிருந்தான். பிள்ளை சாகக் கிடக்கும்போது தூளின் பெயரை எந்தத் தாய் விசாரிப்பாள்?

இப்போது விசாரித்தாள்.

"உது என்ன குளிசை?"

"காய்ச்சலுக்கு."

"காய்ச்சலுக்குக் குடுக்கிற குளிசையை நான் கண்டிருக்கிறன். இது அது இல்லை. பிள்ளையின்ர தலையிலை கைவைச்சுச் சொல்லுங்கோ."

கந்தப்பு கரண்டியைக் கீழே வைத்தான். நல்ல மனிதன்தான், பொய் சொல்லிப் பழகாதவன். மனைவியின் முகத்தைப் பார்க்காமல், சல்பா என்றான். சளிக்காய்ச்சலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை என்றும், சண்டைக்கு முந்தி வெள்ளைக்காரத் துரை வாங்கி வைத்தது என்றும், ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது என்றும் சொன்னான்.

தங்கரத்தினம் பிள்ளைக்கு மருந்தைப் புகட்டி முடித்தாள். வாயைத் துடைத்தாள். படுக்கவைத்தாள். அதுவரை பொறுமையாக இருந்தாள்.

"பேச்சியம்மாளுக்கு நீங்கள் ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

அது ஒதுக்கி வைத்த மருந்து என்றான். ஒதுக்கச் சொன்னது அவளுடைய அண்ணன் ஐயாத்துரை.

ஐயாத்துரை தோட்டத்தின் பெரிய கிராணி, தலைமைக் கணக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சியைக் கூப்பிட்டு, கந்தப்புவைப் பார்த்துக் கட்டிவைத்து, அவனுக்கு இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தவர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஜப்பான் துரை வந்தபோதும், நாற்காலியை விட்டு எழும்பாமல் இருந்து காட்டியவர். அவருடைய சொல்லைத் தங்கரத்தினம் இதுவரை தட்டியதில்லை.

"ஆருக்கு ஒதுக்கினவர்?"

குளுவாங் விமானத் தளத்து ஜப்பான் அதிகாரிக்கு என்றான் கந்தப்பு. அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும்.

"அவங்களுக்கும் சளிக்காய்ச்சலோ?"

"இல்லை. அது வேற வருத்தம்."

"என்ன வருத்தம்?"

"ஆம்பிளையளுக்கு வாற வருத்தம். போகக்கூடாத வீடுகளுக்குப் போறதாலை வாறது. அதுக்கும் இந்தக் குளிசை கேக்கும்."

தங்கரத்தினத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது அடைத்துக்கொண்டது. கூரையில் விழுந்த மழையின் ஓசைகூடச் சற்று நேரம் கேட்கவில்லை. இந்த மழைக்காலத்தில் கறுப்புத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போன ஒவ்வொரு பிள்ளையையும் அவள் இந்த வீட்டுச் சன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். பாவம், மருந்தில்லாத காலம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சன்னலைச் சாத்தியிருக்கிறாள்.

பேச்சியம்மாளின் மகனுக்காவது இப்போதே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள். முடியாது என்றான் அவன். இன்று பின்னேரம் அதிகாரியின் கார் வருகிறது. டப்பா அதில் போக வேண்டும். யோகத்துக்கு எடுத்ததையே எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கிறேன் என்றான். "நீர் சும்மா இரும். உமக்கு ஒண்டும் விளங்காது. இதிலை கன விஷயம் இருக்கு."

"பிள்ளையைப் பாருங்கோ" என்றாள் தங்கரத்தினம். கொங்காணிக்கு ஒரு சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

உத்தியோகத்தர் வீடுகளுக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு சிறு ஓடை. அதற்கு மேல் ஒரு பலகைப் பாலம். இத்தனை வருடத்தில் அந்தப் பாலத்தை அவள் கடந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். தைப்பூசத்துக்குக் காவடி பார்க்க, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு, அவ்வளவே. கிராணி வீட்டுப் பெண்கள் லயத்துக்குள் போவதில்லை என்று அண்ணன் சொல்லிவைத்திருந்தார்.

பேச்சியம்மாளின் அறையில் விளக்கில்லை. வாசலில் வந்த வெளிச்சத்தில் சாக்குப் படுக்கையும் அதன்மேல் செல்லப்பனும் தெரிந்தார்கள். பேச்சியம்மாள் மகனை நிமிர்த்தித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படுக்கவைத்தால் மூச்சு முட்டுகிறது. பிள்ளையின் மூக்குத் துளைகள் விரிந்து விரிந்து அடங்கின. ஒவ்வொரு மூச்சு வெளியே வரும்போதும் ஒரு சின்ன முனகல். உதடு நீலம் பாரித்திருந்தது. முந்தாநாள் யோகமும் இப்படித்தான் இருந்தாள்.

கூலிகளை மேய்க்கும் மண்டோர் காலையிலேயே வந்து கிழங்குக் காட்டுக்கு வரச்சொல்லிக் கதவை உதைத்துவிட்டுப் போனதாகப் பக்கத்து அறைப் பெண் சொன்னாள். வராவிட்டால் அரிசிப் பங்கு கிடையாது என்றானாம். பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. புருஷன் சயாமுக்குப் போனவன். சேதி இல்லை. மழை தொடங்கிய புதிதில் மூத்த பெண் கிருஷ்ணம்மா இதே சளியில் போய்விட்டாள். மிச்சம் இருப்பது இவன் ஒருவன்.

தங்கரத்தினம் வாசலிலேயே நின்றாள். வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்து வந்தவள், எல்லாவற்றையும் மறந்தாள்.

"மருந்து இருக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோட வா."

பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. சிவந்த கண்களால் அவளையே பார்த்தாள்.

"இருக்கா? நேத்தும் இருந்துச்சாம்மா?"

தங்கரத்தினம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"எங் கிருஷ்ணம்மா போனப்பவும் இருந்துச்சா?"

பக்கத்து அறைகளின் கதவுகள் திறந்தன. இருமும் பிள்ளைகளை இடுப்பில் வைத்த பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். தனக்குத் தெரியாது என்றாள் தங்கரத்தினம். அவள் சொன்னது உண்மை. ஆனால் சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான உண்மை என்று உறைத்தது.

"என்னை நீ பிறகு ஏசு. இப்ப பிள்ளையைத் தா" என்று குனிந்து செல்லப்பனைத் தானே தூக்கினாள். பிள்ளை நெருப்பாகச் சுட்டது. சாக்கை எடுத்து அதன்மேல் போர்த்திக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தாள். பேச்சியம்மாள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

டிரெசர் வீட்டுக்குள் லயத்துப் பெண் யாரும் முன் வாசல் வழியாக நுழைந்ததில்லை. தங்கரத்தினம் பேச்சியம்மாளை முன் வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு வந்தாள். ஈரக் காலோடு அறைக்குள் போய், யோகம் படுத்திருந்த கட்டிலில், யோகத்துக்குப் பக்கத்தில், தலையணையை உயர்த்தி வைத்துச் செல்லப்பனைச் சாய்த்தாள். யோகம் புதுப் பிள்ளையை வேடிக்கை பார்த்தது.

கந்தப்பு எழுந்து நின்றுவிட்டான். உமக்கு விசரோ, இவளை ஏன் இங்கே கொண்டுவந்தீர், ஆராவது பார்த்தால் என்ன ஆகும் என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"இனி இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றாள் தங்கரத்தினம். "இந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கோ."

கந்தப்பு கட்டிலைப் பார்த்தான். ஒரு பக்கம் அவன் பிள்ளை, வாயில் கஞ்சிப் பருக்கையோடு. மறுபக்கம் இன்னொரு பிள்ளை, காற்றுக்குத் தவித்துக்கொண்டு. இந்தத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன். அந்த முனகலுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சுவரோரம் நின்ற பேச்சியம்மாள் லயத்தில் கேட்டதையே அவனிடமும் கேட்டாள். கிருஷ்ணம்மா போனபோதும் மருந்து இருந்ததா என்று.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேச்சியம்மாளுக்கு அந்தப் பதில் போதும். அவள் கத்தவில்லை. கீழே உட்கார்ந்து, சேலைத் துணியை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள்.

கந்தப்பு மழையில் தொப்பிகூட எடுக்காமல் ஓடினான். திரும்பி வந்தபோது கையில் தகர டப்பா இருந்தது.

குளிசையை நசுக்கிச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினான். செல்லப்பன் அதை அப்படியே கக்கிவிட்டான். பேச்சியம்மாள் எழுந்து வந்தாள். கந்தப்பு, பயப்படாதே, இந்த மருந்து குமட்டும் என்று சொல்லி, இன்னொன்றை நசுக்கித் துளித் துளியாக நாக்கின் ஓரத்தில் விட்டான். விட்டுவிட்டுக் காத்திருந்தான். மறுபடி விட்டான். இந்தத் தடவை தங்கியது. நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரோடு இரத்தம் போகும் என்று இரண்டு தாய்மாருக்கும் சொன்னான். இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டிய குளிசையை எடுத்துக் காகிதத்தில் மடித்துத் தங்கரத்தினத்திடம் கொடுத்தான். அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்போதுதான் வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது.

ஐயாத்துரை டப்பாவை எடுத்துப்போக வந்திருந்தார். ஆஸ்பத்திரி அலுமாரி திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். கட்டிலைப் பார்த்தார். தரையில் கிடந்த ஈரச் சாக்கைப் பார்த்தார். பேச்சியம்மாளை மட்டும் பார்க்கவில்லை.

"டப்பாவை எடு மச்சான். கார் வரப்போகுது."

தங்கரத்தினம் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தும் பழகாதவள், நேருக்கு நேர் நின்று கேட்டாள்.

"அண்ணை, இந்த மழைக்குள்ளை எத்தனை பிள்ளையள் செத்ததுகள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும் என்றார் ஐயாத்துரை. அதற்கு நான் என்ன செய்ய என்றார். சண்டைக் காலம், லயத்துப் பிள்ளைகள் எப்போதும்தான் சாகின்றன, இவ்வளவையும் இந்த டப்பாவை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்றார். தங்கரத்தினம் மறுமொழி சொல்ல வாயெடுத்தபோது, அவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"நீ கனக்கக் கதைக்காதை. சயாமுக்கு டிரெசர்மார் வேணுமெண்டு கேட்டவங்கள். உன்ர புருஷனைத்தான் முதல் கேட்டவங்கள். போன ஒருத்தனும் திரும்பி வரேல்லை. இந்தக் குளிசையைக் குடுத்துத்தான் நான் அவனை இஞ்சை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். இதுதான் உன்ர தாலி. விளங்குதே?"

தங்கரத்தினம் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. கன விஷயம் இருக்கு என்று காலையில் சொன்னது இதைத்தான்.

கோபம் போகவில்லை. ஆனால் அதை யார்மேல் கொட்டுவதென்று தெரியவில்லை. அவள் கழுத்தில் தாலி நிற்க, இந்தப் பேச்சியம்மாளின் மகள் போயிருக்கிறாள். தான் கேட்காமலே யாரோ செய்துவிட்ட பேரம். அதன் பலனைத் தின்று, உடுத்தி, சன்னலைச் சாத்திக்கொண்டு இவ்வளவு நாள் இருந்திருக்கிறாள்.

ஐயாத்துரை அவள் பக்கத்திலிருந்த டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தார். முகம் சுண்டியது. குளிசை கண்ணில் படும்படி குறைந்திருந்தது. கொஞ்சம் யோசித்தார். பிறகு, வானிலையைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரிச் சொன்னார்.

"அலுமாரி உடைஞ்சு கிடந்தது எண்டு சொல்லுவம். கூலிக்காரி ஒருத்தி களவெடுத்தவள். பிள்ளையும் மருந்தும் கையோட பிடிபட்டது. அவங்கள் நம்புவாங்கள்."

பேச்சியம்மாளை வைத்துக்கொண்டே சொன்னார். அவளுக்கு யாழ்ப்பாணப் பேச்சு முழுக்கப் புரியாவிட்டாலும் கூலிக்காரி என்பதும் களவு என்பதும் புரிந்தன. திருட்டுக்கு ஜப்பான்காரன் என்ன செய்வான் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ரெங்கத்துக் கடைத்தெருவில் ஒருவனைக் கம்பத்தில் கட்டி வைத்ததை அவளும் பார்த்திருக்கிறாள்.

அவள் கட்டிலருகே போய் மகன் காலைப் பிடித்துக்கொண்டாள். "என்னைய என்ன வேணா சொல்லிக்கோங்க ஐயா. மருந்த மட்டும் நிறுத்திறாதீங்க."

தங்கரத்தினம் கந்தப்புவைப் பார்த்தாள். அவன் வாய் திறப்பான் என்று காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். குளிசையை எடுத்தவன் அவன். கொடுத்தவன் அவன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை.

காலையிலிருந்து வந்த கோபமெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

அண்ணனின் கையிலிருந்து டப்பாவைப் பறித்தாள். "பேச்சி, ரெண்டு பிள்ளையளுக்கும் தண்ணி குடு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

ஐயாத்துரை பின்னால் கூப்பிட்டார். முதலில் அதட்டினார். பிறகு தங்கச்சி, தங்கச்சி என்று கெஞ்சினார். அவள் திரும்பவில்லை. மழை நின்றிருந்தது. ஆபீசுக்குப் போகும் செம்மண் பாதையில் காரின் டயர்த் தடம் புதிதாகப் பதிந்திருந்தது. கார் வந்துவிட்டது. என்ன பாஷையில், என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. நான்தான் எடுத்தேன் என்று எப்படியாவது காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆபீஸ் படிக்குக் கிட்டப் போகையில் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. கந்தப்பு. மூச்சிரைக்க வந்து அவளுக்கு முன்னால் நின்றான்.

"டப்பாவைத் தாரும்."

"ஏன்? அண்ணை சொன்னதைச் சொல்லப்போறீங்களோ?"

"தாரும் தங்கம்."

கல்யாணம் ஆன புதிதில் கூப்பிட்ட பெயர். அவள் நம்பவில்லை. ஆனாலும் கையை விட்டாள். அவன் டப்பாவை வாங்கிக்கொண்டு படியேறினான். அவள் படிக்குக் கீழே நின்றாள். ஐயாத்துரையும் வந்து சேர்ந்து ஒதுங்கி நின்றார்.

அதிகாரி வராந்தாவில் காலணியோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கந்தப்பு இடுப்பு வளைய வணங்கினான். டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினான். அவர் திறந்து பார்த்தார். ஏதோ கேட்டார். வேலைக்காகக் கட்டாயப்படுத்திச் சொல்லிக்கொடுத்த அந்த அரைகுறை ஜப்பான் பாஷையில் கந்தப்பு மறுமொழி சொன்னான்.

ஒரு சொல்லும் தங்கரத்தினத்துக்கு விளங்கவில்லை. கணவனின் வலது கை எழும்பி அவன் நெஞ்சில் பதிந்ததை மட்டும் பார்த்தாள். அது லயத்துப் பக்கம் நீளவில்லை. நெஞ்சிலேயே நின்றது.

அதிகாரி எழுந்து அறைந்தார். கந்தப்பு நிமிர்ந்து நின்றான். மறுபடி அறைந்தார். மூன்றாவது அடிக்கு அவன் வாயிலிருந்து இரத்தம் வந்தது. தங்கரத்தினம் படியில் கால் வைத்தாள். ஐயாத்துரை அவள் கையைப் பிடித்து இழுத்து, நீயும் போனால் பிள்ளைக்கு ஆர் என்று காதுக்குள் சொன்னார். அவள் நின்றாள். அவர் சொன்னதில் அன்றைக்கு அது ஒன்றுதான் நியாயம்.

அதிகாரி கூட வந்த துப்பாக்கிக்காரனுக்கு உத்தரவு கொடுத்தார். அதைக் கேட்டதும் ஐயாத்துரையின் முகம் வெளுத்தது. என்ன சொன்னான் என்று தங்கரத்தினம் கேட்டாள். அவர் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

கந்தப்புவைக் காரின் பின்னால் ஏற்றினார்கள். அவன் அவளைத் தேடிப் பார்த்து, இரத்த வாயோடு சத்தமாகச் சொன்னான்.

"பொடியனுக்கு இருட்டுறதுக்கு முந்தி இன்னொருக்காக் குடும். காய்ச்சல் விட்டாலும் நிப்பாட்டக்கூடாது. தண்ணி, தண்ணி கனக்கக் குடும்."

கார் கிளம்பிவிட்டது. டப்பாவும் அதில் போய்விட்டது.

தங்கரத்தினம் அழவில்லை. அழுதால் உட்கார்ந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். வீட்டை நோக்கி வேகமாக நடந்தாள். ஐயாத்துரை கொஞ்ச தூரம் பின்தங்கி வந்தார்.

வீட்டு வேலியோரம் பெண்கள் நின்றார்கள். லயத்துப் பெண்கள். மருந்து இருக்கு என்று அவள் வாயாலேயே சொன்னதைக் கேட்டவர்கள். இடுப்பிலும் தோளிலும் பிள்ளைகள். பாலத்தின் மேல் இன்னும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை இருமத் தொடங்கினால் அடுத்ததும் தொடங்கியது.

அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பேச்சியம்மாள் செல்லப்பனை மடியில் சாய்த்து, கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை விழுங்கியது. முனகல் இன்னும் இருந்தது. உதட்டில் நீலம் சற்றுக் குறைந்தது போல இருந்தது. குறைந்ததா, ஆசையில் அப்படித் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. யோகம் தூங்கிவிட்டாள். பேச்சியம்மாள் வாசலைப் பார்த்தாள். தங்கரத்தினம் தனியாக வந்திருப்பதைக் கண்டுகொண்டாள்.

"ஐயா எங்கம்மா?"

"கொண்டு போயிட்டாங்கள்."

பேச்சியம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. ஆனால் ஒரு கையால் மகனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பக்கத்திலிருந்த பலகையை அவள் உட்கார நகர்த்திவிட்டாள்.

தங்கரத்தினம் உட்காரவில்லை. இடுப்பிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். இது கட்டிலில் கிடக்கும் இரண்டு பிள்ளைகளுக்கே சரி. வேலியோரம் நிற்கிறவர்களுக்கு?

வெளியே வந்தாள். ஐயாத்துரை பெண்களைத் திரும்பிப் போகச்சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் மூன்று பிள்ளைகள். கடைக்குட்டிக்குப் போன மாதம் சளிக்காய்ச்சல் வந்து, கும்பிட்ட தெய்வம் காப்பாற்றியது என்று அண்ணி வந்து சொல்லிவிட்டுப் போனது தங்கரத்தினத்துக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

எந்தத் தெய்வம்?

"அண்ணை" என்றாள். "உங்கட வீட்டிலை எவ்வளவு வைச்சிருக்கிறீங்கள்?"

ஐயாத்துரை என்ன என்று கேட்கவில்லை. எதைப் பற்றிக் கேட்கிறாய் என்றும் கேட்கவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் திரும்பி, வழக்கத்துக்கு மாறான வேகத்தில் நடக்கத் தொடங்கினார்.

தங்கரத்தினம் பின்னால் போனாள். வேலியோரம் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். பிறகு எல்லாரும் வந்தார்கள்.

பெரிய கிராணி படியேறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே அண்ணியின் குரலும், ஏதோ பெட்டியை இழுக்கும் சத்தமும் கேட்டன.

தங்கரத்தினம் கதவைத் தட்டவில்லை. இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். கதவு அசையவில்லை. அவளுக்கு வலப்பக்கம் ஒரு கை வந்து பதிந்தது. இடப்பக்கம் இன்னொன்று. பால்மரம் சீவிச் சீவிக் காய்த்துப்போன கைகள்.

தாழ்ப்பாள் மரத்தில் விரிசல் விடும் ஓசை கேட்டது.